முழங்கையின் நிறம்

செங்கல்பட்டு பஜார் தெருவில் அப்போது ஜவுளிக்கடைகள் ஏழு இருந்தன. ஏழிலும் ஒரே காஞ்சிபுரம், ஒரே ஆரணி, ஒரே சின்னாளப்பட்டி. ஆனாலும் பெண்கள் மூன்றாவது கடையின் படியில் காலை வைத்து, "உப்பிலி மாமா இருக்காரா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் வேறு யாரிடமும் ஒரு கைக்குட்டை கூட வாங்காமல் திரும்பிப் போய்விடுவார்கள். முதலாளிக்கு இதில் பெருமை பாதி, வயிற்றெரிச்சல் பாதி. கடை அவருடையது, பெயர்ப்பலகையில் இருப்பது அவருடைய தாத்தா பெயர். தேடி வருவதோ மாதச் சம்பளக்காரரை.

உப்பிலிக்கு நாற்பத்தைந்து வயது. ஒல்லியான மனிதர். நெற்றியில் திருமண், காதில் பென்சில், தோளில் எப்போதும் யாராவது வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு புடவை. ஒரு நிறத்தின் பக்கத்தில் இன்னொரு நிறத்தை வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் ஒத்துப்போகுமா போகாதா என்று சொல்வது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வித்தை. அதை வைத்துக்கொண்டே ஜில்லாவில் பாதியைக் கட்டி ஆண்டார்.

"மயில்கழுத்துக்கு வாடாமல்லி ரவிக்கை வேண்டாம்மா. ரெண்டும் சண்டை போட்டுக்கும். பாக்குக் கலர் எடுத்துக்கோ, அது வாயைத் திறக்காது" என்பார். தாசில்தார் சம்சாரமானாலும் தலையாட்டிவிட்டுப் பாக்குக் கலரை எடுத்துக்கொண்டு போவாள்.

கடைக்குள்ளே அவர் எதையும் முடிவு செய்யமாட்டார். முதலாளி ஆசைப்பட்டுப் போட்ட ட்யூப்லைட்டின் மேல் அவருக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. "இது பச்சையை நீலம்னு சொல்லும், நீலத்தைக் கறுப்புன்னு சொல்லும்" என்று புடவையைத் தூக்கிக்கொண்டு வாசல் கருங்கல் படிக்கு வந்துவிடுவார். அங்கே வெயிலில் நின்று, கட்டிக்கொள்ளப் போகிறவளைக் கையை நீட்டச் சொல்லி, புடவையை அவளையே கைமேல் போட்டுக்கொள்ளச் சொல்வார். அவர் பார்ப்பது முகத்தை அல்ல, முழங்கையை.

"முகத்துல பவுடர் இருக்கும், மஞ்சள் இருக்கும். முழங்கையில யாரும் ஒண்ணும் பூசிக்கறதில்லே" என்று காரணமும் சொல்வார். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று யாராவது கேட்டால் மட்டும், "எல்லாம் பழக்கம்தான்" என்று சொல்லி அடுத்த புடவையைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

அவரிடம் அதிகம் வந்தவர்கள் கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருந்த அம்மாக்கள். வெள்ளைக்காரன் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் மட்டும் வெள்ளைத்தோலைத் தேடுவதை விடவில்லை. பொரித்த பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "கொஞ்சம் நிறம் போதலே" என்று ஏப்பத்தோடு சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த அம்மாக்கள் பெண்ணை இழுத்துக்கொண்டு உப்பிலியிடம் வருவார்கள். அவரும் கைராசிக்காரர்போல ஒரு சூத்திரம் வைத்திருந்தார். புடவையின் உடல் நல்ல அரக்கு, கரை மெலிசு, ரவிக்கை அதே அரக்கில் அரை மாற்றுக் கம்மி, ரவிக்கையின் கை முழங்கையைத் தாண்டி வரவேண்டும். இப்படிக் கட்டினால் மாநிறம் ஒரு மாற்று ஏறிச் சிவப்பாகத் தெரியும். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் இரண்டும் கறுத்த பெண்களுக்கு ஆகவே ஆகாது என்பது அவர் கட்சி. "அதெல்லாம் காட்டிக் குடுத்துடும்" என்பார்.

இப்படி ஊருக்கெல்லாம் நிறம் பார்த்துக் கொடுத்தவரின் சம்சாரம் பெருந்தேவி, கத்திரிப்பூப் புடவைக்கு ஆரஞ்சு ரவிக்கை போட்டுக்கொண்டு கோதண்டராமர் கோயிலுக்குப் போவாள். தூணோரம் நிற்கும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவள் கடைப்படி ஏறியதே இல்லை. தீபாவளிக்கு முதலாளி சிப்பந்திகளின் வீட்டுக்கு ஆளுக்கொரு புடவை தருவார். உப்பிலி அந்தப் புடவைக் கட்டில் மேலாக இருப்பதை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுவார், என்ன நிறம் என்றுகூடப் பார்க்காமல். "மாமிக்கு ஒண்ணு பாத்து எடுக்கக் கூடாதா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால், "அவளுக்கு எதுவானாலும் சரி" என்று பதில் வரும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக இதுதான் நடந்தது.

அந்த வருஷம் மாசி மகத்துக்குப் புடவை எடுக்க மகாபலிபுரம் குப்பத்திலிருந்து தனக்கோடி வந்தாள். கரையில் மீன் ஏலம் எடுத்து விற்பவள். வெயிலிலேயே நின்று நின்று நல்ல கறுப்பு. கடைக்குள் வரும்போதே உரத்துப் பேசிக்கொண்டுதான் வருவாள்.

"இன்னா அய்யரே, சொகமா கீறியா? அந்தக் கிளிப்பச்சைய எடு."

தாம் அய்யர் இல்லை, ஐயங்கார் என்று திருமண்ணைத் தொட்டுக் காட்டிக் காட்டி அலுத்துப்போய், உப்பிலி அதை எப்போதோ விட்டுவிட்டார். "அது உனக்கு வேண்டாம் தனக்கோடி. உன் நெறத்துக்கு அரக்கு எடு. பாந்தமா இருக்கும்."

"என் நெறத்துக்கு இன்னா வந்துச்சு இப்போ?" என்று அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "கட்டுமரம் கரைக்கு வர்ற நேரத்துல அம்பது பொம்பளைங்க நின்னுகினு இருப்போம். எவ எங்க நிக்கிறான்னு பொடவைய வெச்சிதான் எங்க ஆளுங்க கண்டுக்குவாங்க. அரக்கு கட்டிகினு நின்னா, சாயம் தோச்ச வலை காயுதுன்னு பூடுவான் என் புருசன். எனக்கு மறைக்கிற பொடவ வாணாம் அய்யரே, தெரியற பொடவ குடு. ரவிக்கைக்கு அந்த மஞ்சத் துணிய வெட்டு."

கிளிப்பச்சைக்கு மஞ்சள்! உப்பிலிக்கு மனசே ஆறவில்லை. வெட்டிக் கொடுத்தார். தனக்கோடி பொட்டலம் எல்லாம் கட்டவிடவில்லை. புடவையை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தாள். படியில் நின்ற உப்பிலிக்குத் தெருமுனை வரை, அத்தனை கூட்டத்திலும், அவள் போவது தெரிந்தது.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்ததும் இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். கடையில் நடந்ததை இலை முன்னால் உட்கார்ந்து சொல்வது அவர் வழக்கம். யாருடைய முழங்கை என்ன நிறம், எதைப் போட்டு எப்படி மாற்றினேன் என்பதெல்லாம் சாத்தமுது, அதாவது ரசம் சாதம் வரை வரும். பெருந்தேவி பெரும்பாலும் பதில் பேசமாட்டாள். அன்றைக்கு மட்டும், "அவளுக்கு நன்னா இருந்துதா?" என்று கேட்டாள்.

"தெருக்கோடி வரைக்கும் தெரிஞ்சா" என்றார் உப்பிலி. நன்றாக இருந்ததா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

பங்குனியில் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கமலம் என்ற அம்மாள் தன் பெண் வத்சலாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் வேதாந்தம் அங்கே ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணுக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது. மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, லெட்டர் போடுகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். செங்கமலம் இதையெல்லாம் தாழ்ந்த குரலில் சொன்னாள். வத்சலா கேட்காததுபோல, அடுக்கில் இருந்த ஒரு புடவையைத் தடவிக்கொண்டிருந்தாள். மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூக் கரை.

"அதை வைடி கீழே" என்று அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

உப்பிலி வாசல் படிக்கு அழைத்துப் போனார். முழங்கையைப் பார்த்தார். நல்ல கறுப்பு, மாநிறம் என்று சொல்லக்கூட இடமில்லை. கஷ்டமான கேஸ் வந்தால் அவருக்கு உற்சாகம் பிறக்கும். அரக்கிலேயே ஏழு தினுசு இழுத்துப் போட்டு, கடைசியில் ஒன்றைப் பிடித்தார். ரவிக்கைத் துணியை எடுத்து வைத்து, "கை முழங்கையைத் தாண்டி வரணும். தையக்காரன்ட்ட அடிச்சுச் சொல்லிடுங்கோ" என்றார். புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற பெண்ணைச் செங்கமலம் தள்ளி நின்று பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "நீங்க நன்னா இருக்கணும்" என்று கை கூப்பினாள்.

வத்சலா மட்டும் புடவையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "தினமும் இதையே கட்டிக்க முடியாதே மாமா? கல்யாணத்துக்கு மறுநாள் என்ன பண்றது?"

"வாயை மூடுடி" என்றாள் அம்மா.

"மறுநாளைக்கெல்லாம் கடை பொறுப்பில்லே குழந்தே" என்று உப்பிலி சிரித்துச் சமாளித்தார். நல்ல பதில்தான். ஆனால் அதை அன்றிரவு சாப்பிடும்போது பெருந்தேவியிடம் அவர் சொல்லவில்லை.

உப்பிலிக்கு ஒரு தம்பி உண்டு, ஆராவமுதன். செங்கல்பட்டு ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். அப்பா அம்மா போனபின் அண்ணாவும் மன்னியும்தான் அவனுக்கு எல்லாம். இருபத்தேழு வயதாகியும் கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. அதற்குக் காரணம் ஜாதகமும் இல்லை, சம்பளமும் இல்லை. உப்பிலியின் கண். ஊரிலுள்ள பெண்களையெல்லாம் ஒரு மாற்று ஏற்றி அனுப்பிய மனிதர், தன் வீட்டுக்கு வரப்போகிற பெண் விஷயத்தில் ஏமாறத் தயாராக இல்லை. இரண்டு இடம் போய்ப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் பெண் தட்டை வைக்கக் குனியும்போது முழங்கையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, "சரிப்படாது" என்றார். தரகருக்கு ஜாதகத்தில் ஏதோ உறுத்தல் என்று சொல்லியனுப்பினார். ஆராவமுதன் அண்ணா பேச்சைத் தட்டாதவன். பெருந்தேவி இரண்டு தடவையும் ஒன்றும் சொல்லாமல் புடவை மாற்றிக்கொள்ள உள்ளே போய்விட்டாள்.

சித்திரையில் தரகர் மூன்றாவது ஜாதகம் கொண்டுவந்தார். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது பழுது இல்லை. சிங்கப்பெருமாள் கோயில், வாத்தியார் வீடு என்றபோது உப்பிலிக்கு ஏனோ பொறி தட்டவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து மாதத்துக்குப் பத்துப்பேர் வருகிறார்கள். பெண் வீட்டாருக்கும் இவர் யாரென்று தெரியாது. தரகர் தமக்கே உரிய தாராளத்தோடு, "பிள்ளையோட தமையனார் செங்கல்பட்டுல ஜவுளி வியாபாரம்" என்று சொல்லி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூவரும் பாசஞ்சர் பிடித்துப் போனார்கள். சின்ன வீடு, ஓட்டுக் கூடம். வாத்தியார் வேதாந்தம் வாசலுக்கு வந்து வரவேற்றார். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, வெயிலைப் பற்றியும் பாசஞ்சரின் தாமதத்தைப் பற்றியும் பேசி முடித்தார்கள். "குழந்தையை வரச் சொல்லு" என்றார் வாத்தியார்.

முதலில் உப்பிலி கண்டது புடவையைத்தான். அரக்கு. அவர் ஏழு தினுசில் பொறுக்கி எடுத்தது. அதற்கப்புறம்தான் அதற்குள் இருந்த பெண்ணைப் பார்த்தார். பின்னால் காப்பித் தட்டோடு வந்த செங்கமலம் இவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மற்ற யாரிடமிருந்து வேண்டுமானாலும் மறைக்கலாம். இந்த மனிதரிடம் எதை மறைப்பது? இவர்தானே மறைத்துக் கொடுத்தவர்.

வத்சலா தட்டை அம்மாவிடமிருந்து வாங்கி, முதலில் உப்பிலிக்கும் பிறகு மற்ற இரண்டு பேருக்கும் டம்ளரை எடுத்துக் கொடுத்தாள். ரவிக்கையின் கை முழங்கைக்கு இரண்டு விரல்கடை மேலேயே நின்றுவிட்டிருந்தது. தாண்டி வரணும் என்று அடித்துச் சொல்லியிருந்தாரே! உப்பிலிக்கு முதலில் கோபம் வந்தது தையற்காரன் மேல்தான். தொழில் புத்தி அப்படி.

பிறகுதான் சங்கடம் உறைத்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை அரக்குப் புடவைகள்! அவை கடைப்படி இறங்கி எங்கே போகின்றன என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இங்கேதான் வந்திருக்கின்றன. இப்படி ஒரு கூடத்துக்கு, இப்படி ஒரு தாயாரின் வெளிறிய முகத்துக்கு. உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்ணுக்கு நாலாவது இடமும் போச்சு. காரணமும் ஊருக்குள் பரவும். ஜவுளிக்கடைக்காரரே பார்த்துவிட்டு வேண்டாமென்றார் என்றால் அப்புறம் எவன் வருவான்? சொல்லாவிட்டால், கூடப் பிறந்த தம்பியைத் தன் கையாலேயே ஏமாற்றினவர் ஆவார்.

வழக்கப்படி பெருந்தேவி பெண்ணோடு உள்ளே போய்ப் பேசிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்பினாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்டாள்: "நெறம் எப்படி? உங்களுக்குத்தானே தெரியும்."

தணிந்த குரல்தான். ஆனால் அந்தக் கூடத்தின் அளவுக்கு அது போதும். வாத்தியார் விசிறுவதை நிறுத்தினார். கதவோரம் செங்கமலம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். வத்சலா மட்டும் நிமிர்ந்து உப்பிலியை நேராகப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. மறுநாள் என்ன செய்வது என்று கேட்டபோது பார்த்த அதே பார்வை.

"நல்ல நெறம்" என்றார் உப்பிலி. "சிவப்புதான்."

ஒரு நிறத்தைப் பற்றி அவர் வாயால் சொன்ன முதல் பொய் அது. பாதி இரக்கத்தில் சொன்னார், பாதி பயத்தில். உண்மையைச் சொன்னால் முதலில் மாட்டிக்கொள்வது தாமே என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அப்போ சரி" என்றாள் பெருந்தேவி. ஆராவமுதனைப் பார்த்தாள். அவன் காது சிவக்கத் தலையாட்டினான். "எங்களுக்குப் பூரண சம்மதம் மாமா" என்று வாத்தியாரிடம் அவளே சொல்லிவிட்டாள். ஊருக்குப் போய் லெட்டர் போடுகிற வழக்கத்தையெல்லாம் அவள் வைத்துக்கொள்ளவில்லை.

ரயிலில் உப்பிலிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெருந்தேவி ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கதவருகில் நின்றிருந்த தம்பியிடம் போனார்.

"ஆராவமுதா, ஒண்ணு சொல்லணும். வந்து... அந்தப் பொண்ணு... நான் சொன்ன அளவுக்கு நெறம் இல்லேடா. கொஞ்சம் கம்மி."

"கொஞ்சம் என்ன அண்ணா, நன்னாவே கம்மி" என்றான் ஆராவமுதன். "நான் நாள் பூரா டிக்கெட் ஜன்னல்ல கையைத்தானே பாக்கறேன்? மூஞ்சி எங்கே தெரியறது? காப்பி குடுத்த கை எனக்குத் தெரியாதா? எனக்குப் பிடிச்சிருந்தது, நீங்க வேண்டாம்னு சொல்லிடுவேளோன்னுதான் பயந்துண்டு இருந்தேன். நீங்க எதுக்கு செவப்புன்னேள்?"

ஆக அந்தக் கூடத்தில் கண் இல்லாதவர் யாரும் இல்லை. பொய் சொன்னவர்தான் ஒருத்தர் இருந்தார்.

செங்கல்பட்டில் இறங்கியதும் ஆராவமுதன் ஸ்டேஷனிலேயே சிநேகிதனைப் பார்க்க நின்றுவிட்டான். புருஷனும் பெண்டாட்டியும் ஏரிக்கரை ஓரமாக வீட்டுக்கு நடந்தார்கள். இன்னும் இருட்டவில்லை. கொளவாய் ஏரியில் தண்ணீர் பாதிக்கு வற்றிக் கிடந்தது.

"ரவிக்கைக் கை கட்டையா இருந்துதே, பாத்தேளா?" என்றாள் பெருந்தேவி.

அவர் திடுக்கிட்டார். "நீயும் பாத்தியா?"

"இருபத்திரண்டு வருஷமா எலை முன்னாடி முழங்கை முழங்கைன்னு கேட்டுண்டிருக்கேன். பாக்காம இருப்பேனா? உள்ளே போனதும், ஏண்டி கை இப்படித் தச்சிருக்குன்னு கேட்டேன். 'நான்தான் மாமி தையக்காரர்ட்ட சொன்னேன். வரவா பாத்துட்டே போகட்டும்'னா. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவதான்னு."

"அப்பறம் எதுக்கு என்னைக் கேட்டே? அத்தனை பேர் எதிர்ல?"

"நீங்க என்ன சொல்றேள்னு எனக்குத் தெரியணும்." அவள் நடையை நிறுத்தவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "ரெண்டு பொண்ணை முழங்கையைப் பாத்துட்டு வேண்டாம்னேள். ரெண்டு தடவையும் என்னைத்தான் வேண்டாம்னு சொல்றாப்பல இருந்தது எனக்கு."

உப்பிலி வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"மகாபலிபுரத்துல என்னைப் பாக்க வந்தேளே, ஞாபகம் இருக்கா? எங்க அத்தையோட அரக்குப் பொடவை. குத்துவிளக்குக்குப் பக்கத்துல நிக்க வெச்சா. சுண்டினா ரத்தம் வர நெறம்னு உங்க அம்மா ஊரெல்லாம் சொல்லிண்டா. கல்யாணத்துக்கு மறுநாள் கார்த்தால நான் கெணத்தடியில தண்ணி எறச்சிண்டு இருந்தேன். நீங்க வந்து நின்னேள். மூஞ்சியைப் பாக்கலே. முழங்கையைப் பாத்தேள். ரொம்ப நேரம் பாத்தேள். ஒண்ணும் சொல்லாம உள்ளே போயிட்டேள்." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பழக்கம்தான், பழக்கம்தான்னு எல்லார்ட்டயும் சொல்றேளே. எங்கே கத்துண்டேள்னு எனக்குத் தெரியாதா?"

எதிரே ஒரு ஒற்றை மாட்டுவண்டி வந்தது. இருவரும் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். ஏமாற்றிவிட்டாய் என்று இவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஒருநாள் சுடுசொல் சொன்னதில்லை என்று உள்ளுக்குள் உப்பிலிக்குப் பெருமை. அதைத் தாம் செய்த பெரிய தர்மம்போல இத்தனை வருஷம் சுமந்துகொண்டிருந்தார். இவளுக்கென்று ஒரு நிறம் பார்க்கவேண்டுமானால் அந்தக் கையை மறுபடி பார்க்கவேண்டும். அதற்காகத்தான் தீபாவளிக்குத் தீபாவளி புடவைக் கட்டில் மேலாக இருந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு உருவினார். அவளுக்குத் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. கடையில் நிற்கும்போது வராத அழுகை ஏரிக்கரையில் வந்துவிடும்போல இருந்தது.

"தப்புதான் பெருந்தேவி" என்றார்.

"வாங்கோ, சாயங்காலம் வெளக்கேத்தணும்" என்று அவள் முன்னால் நடந்தாள்.

வைகாசியில் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் பெருந்தேவி கடைக்கு வந்தாள். முதல் தடவையாக அந்தக் கருங்கல் படியில் ஏறினாள். முதலாளியே எழுந்து நின்று, "வாங்கம்மா" என்றார். கூறைப் புடவை சாஸ்திரப்படி ஒன்பது கஜம் அரக்கு, அதில் பேச்சுக்கு இடமில்லை, ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

"மறுநாள் கட்டிக்க அவளுக்கு ஒண்ணு வேணுமே" என்றாள்.

உப்பிலி தேடவில்லை. அடுக்கின் நடுவிலிருந்து மாம்பழ மஞ்சளை, கத்திரிப்பூக் கரை போட்டதை, உருவி வைத்தார். அது யார் கைபட்ட புடவை என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்காமல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள். படியில் நல்ல வெயில். ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்க, கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒண்ணு எடுங்கோ" என்றாள். "பாத்து எடுங்கோ."

உப்பிலி பார்த்தார். கடற்கரையில் பிறந்து வளர்ந்த கறுப்பு. முழங்கையில் சமையல் சூடு பட்ட தழும்பு ஒன்று. அது எப்போது பட்டது என்று அவருக்குத் தெரியாது. கிணற்றடியில் பார்த்ததற்கு அப்புறம் இன்றைக்குத்தான் பார்க்கிறார். முதலாளி கல்லாவை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். கடைச் சிப்பந்திகள் மடிப்பதை நிறுத்தினார்கள்.

"கை வலிக்கறது" என்றாள் பெருந்தேவி.

அவர் உள்ளே போய் ஒரு கிளிப்பச்சையை எடுத்துவந்தார். இந்தத் தடவை அவளையே போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. தாமே அவள் கைமேல் விரித்துப் போட்டார். வெயில் பட்டதும் பச்சை பளிச்சென்று எழுந்தது, கையும் கூடவே தெரிந்தது.

"இது காட்டிக் குடுத்துடும்னு சொல்வேளே" என்றாள் அவள்.

"ஆமாம், காட்டும்" என்றார் உப்பிலி. காதிலிருந்த பென்சிலை எடுத்தார், என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பச் செருகிக்கொண்டார். "காட்டட்டும். உனக்கு நன்னா இருக்கு."

ரவிக்கைக்கு மஞ்சள் துணியை அவரே வெட்டினார். கை எவ்வளவு நீளம் வைக்க என்று அவள் கேட்டபோது, "கட்டையாவே தைக்கச் சொல்லு" என்றார்.